அம்மாயியையும் குட்டிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எந்த 4டி ஷோவுக்குப் போவது?

ஓண லீவு நெருங்கினால் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுக்குக் கிழக்கே எல்லையை ஒட்டி இருக்கிற எங்களுக்கு ஒரு பக்கம் கோயம்புத்தூர், இன்னொரு பக்கம் கொச்சி. எந்தப் பக்கம் கிளம்பினாலும் பிள்ளைகள் முதலில் கேட்பது தண்ணீர்ச் சறுக்கு. அதற்கு அடுத்தபடி, இருட்டு அறைக்குள் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கிற, முகத்தில் தண்ணி தெளிக்கிற, காலுக்கடியில் ஏதோ ஓடுகிற மாதிரி கூசவைக்கிற அந்த 4டி அனிமேஷன் படம்.

தண்ணீர்ச் சறுக்கைப் பற்றிச் சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால் "நல்லாருக்கும், போங்க" என்பதோடு சரி. ஆனால் தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு போய்வந்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரோலர் கோஸ்டரில் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, ஏற முடியாது. அலைக்குளத்தில் சேலையோடு இறங்க முடியாது. நாலு வயதுப் பிள்ளையை உயரம் பத்தாது என்று பாதி ஐட்டங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாள் முழுக்க அம்மாயி மரத்தடியில் பைகளுக்குக் காவல், அம்மா சின்னதைப் பிடித்துக்கொண்டு கூடவே, அப்பாவும் பெரிய பிள்ளைகளும் வேறெங்கோ. முழுக் காசு கொடுத்து டிக்கெட் எடுத்து உள்ளே போய், குடும்பம் ஒன்றாக இருந்த நேரம் சாப்பாட்டு நேரம் மட்டும் என்று ஆகிவிடுகிறது. எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் சிரிக்கவோ அலறவோ முடிகிற ஐட்டம் இந்த 4டி படம்தான். அதனால் அதைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை டி, எவ்வளவு த்ரில் என்று பார்ப்பதைவிட, நம் வீட்டில் கடைசி ஆள் வரை உட்கார முடியுமா என்று பார்ப்பதுதான் முக்கியம் என்று நான் அழுத்தமாகவே நினைக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதலில், இந்தப் பெயர்க் குழப்பம். 3டி என்பதற்கு ஒரு அர்த்தம் உண்டு: இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம், மூளை இரண்டையும் சேர்த்து ஆழம் காண்கிறது. அதோடு தண்ணீர், காற்று, வாசனை, அதிர்வு ஏதாவது சேர்ந்தால் 4டி என்கிறார்கள். அதற்கு மேல் 5டி, 7டி, 9டி, 12டி என்று போர்டில் எழுதியிருப்பதற்கெல்லாம் எந்த அளவுகோலும் கிடையாது. ஆடும் நாற்காலிக்கு ஒரு டி, புகைக்கு ஒரு டி, சோப்புக் குமிழிக்கு ஒரு டி என்று கடைக்காரர் கூட்டிக்கொண்டே போகலாம். ஒரு ஊரின் 5டியும் இன்னொரு ஊரின் 12டியும் உள்ளே ஒரே மிஷினாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

இந்த வகை ஷோக்களைப் பிரிக்க எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி, நாற்காலி ஆடுமா ஆடாதா என்று கேட்பது.

ஆடாத நாற்காலி ஷோவில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் ஓட்டு அதற்குத்தான். ஒரு சின்ன தியேட்டர் போன்ற ஹால், நீளப் பெஞ்சோ வரிசை நாற்காலியோ, பத்துப் பன்னிரண்டு நிமிட அனிமேஷன் படம். நீங்கள் அசையமாட்டீர்கள், உங்களைச் சுற்றி ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். இந்த வகைக்கு உலகத்தில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது டிஸ்னி பார்க்கில் ஓடும் மிக்கி'ஸ் ஃபில்ஹார்மேஜிக். 2003ல் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவிலுள்ள மேஜிக் கிங்டமில் திறந்தது. சுமார் 12 நிமிடம். திரை மட்டும் 150 அடி அகலம். டொனால்ட் வாத்து மிக்கியின் மந்திரத் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு வம்பில் சிக்கி, டிஸ்னியின் பழைய பாட்டுப் படங்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் போய் விழுவதுதான் கதை. விருந்துப் பாட்டு வரும்போது ஹால் முழுக்க ஆப்பிள் பை வாசனை வரும், பறக்கும் கம்பளக் காட்சியில் முகத்தில் காற்று அடிக்கும், தண்ணீர் சிதறுகிற இடத்தில் நம் மேல் நிஜமாகவே துளி விழும். கடைசியில் டொனால்ட் திரையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து, நமக்குப் பின்னால் உள்ள சுவரில் தலை புதைந்து தொங்குவான். அது பொம்மை, உண்மையாகவே சுவரில் இருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2005ல் திறந்தபோதே அங்கும் இது வந்துவிட்டது. பிறகு டோக்கியோ, பாரிஸ், கலிஃபோர்னியா என்று போனது. வெளிநாட்டில் வேலையில் இருக்கிற சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது உதவலாம். கதை முக்கால்வாசி பாட்டும் கூத்தும்தான், பேச்சு புரியாவிட்டாலும் ஒன்றும் போகாது.

அதே டிஸ்னி, அதே ஆடாத நாற்காலி வகையில் இன்னொன்றும் வைத்திருந்தது. 1998ல் அனிமல் கிங்டம் பார்க் திறந்தபோது, நடுவிலுள்ள பெரிய செயற்கை மரத்தின் அடியில் பூச்சிகளைப் பற்றிய ஒரு 3டி ஷோ. நாற்ற வண்டு வந்தால் ஹாலில் நிஜமாகவே நாற்றம், குளவி வந்தால் முதுகில் சுருக்கென்று ஒரு குத்து, கூரையிலிருந்து சிலந்திகள் இறங்கும், கடைசியில் பெஞ்சுக்கடியில் பூச்சி ஓடுகிற மாதிரி ஒரு உருட்டல். கெட்டிக்காரத்தனமான ஷோ, சந்தேகமில்லை, ஆனால் சின்னக் குழந்தைகள் அலறி அழுது வெளியே தூக்கிக்கொண்டு போகப்படுவது அங்கே சகஜமாக இருந்தது. 2025ல் அதை மூடிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: நாற்காலி ஆடவில்லை என்பதால் மட்டும் ஒரு ஷோ சாதுவானது ஆகிவிடாது. கதை பாட்டுக் கதையா, பூதக் கதையா என்று முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். வாசலில் நிற்கும் பையனிடம் "உள்ளே என்ன படம், பேய் பூச்சி ஏதாவது உண்டா, சட்டென்று இருட்டாகுமா" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது இருக்கைக்குக் கிட்டே வருவோம். இந்த எஃபெக்டுகள் எல்லாம் வளர்ந்த ஆளின் உடம்பை அளவாக வைத்துத்தான் பொருத்தப்படுகின்றன. தண்ணீர் வருவது முன் நாற்காலியின் முதுகில் இருக்கும் ஒரு சின்ன நாசிலிலிருந்து, நம் முகத்துக்கு நேராக. காற்று வருவது காது, கழுத்துப் பக்கம். காலைக் கூசவைப்பது நாற்காலிக்கடியில் இருக்கும் ரப்பர் குழாய். உள்ளே காற்றை விட்டால் அது சாட்டை போலத் துடித்துக் கெண்டைக்காலில் அடிக்கும். இப்போது அதே நாற்காலியில் நாலு வயதுக் குழந்தையை உட்காரவைத்துப் பாருங்கள். கால் தரைக்கு எட்டாமல் முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கும், ரப்பர் குழாய் அதைத் தொடவே தொடாது. காற்று தலைக்கு மேலே போய்விடும். தண்ணீர் மட்டும் தலைமுடியில் விழும். முதுகில் குத்துகிற அமைப்பு இருந்தால் அது தோளுக்கோ கழுத்துக்கோ வரும். அம்மாயிக்கோ சேலை கணுக்கால் வரை இருப்பதால் கால் கூச்சம் ஒன்றும் தெரியாது, வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிற தாத்தாவுக்குப் பளிச்சென்று படும், அவர்தான் முதலில் துள்ளுவார். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள விட்டால் உயரம் சரியாகிவிடும், பெரியவர்களுக்கு வருகிற காற்றும் தண்ணியும் அதற்கும் கிடைக்கும். ஆடாத நாற்காலி ஷோவில் பெரும்பாலும் மடியில் வைத்துக்கொள்ள விடுவார்கள். ஆடும் நாற்காலியில் பெல்ட் உண்டு, விடமாட்டார்கள்.

அடுத்தது கண்ணாடி. எங்கள் வீடுகளில் பெரியவர்களுக்கு 3டி கண்ணாடி என்றாலே ஞாபகம் வருவது 1984. கேரளத்தில் நவோதயா எடுத்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் 3டி படம், தமிழ்நாட்டிலும் ஓடு ஓடென்று ஓடியது. அப்போது அந்தக் கண்ணாடியால் மெட்ராஸ் ஐ பரவுகிறது என்று ஒரு வதந்தி கிளம்பி, ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடியைக் கிருமிநீக்கம் செய்துதான் தருகிறோம் என்று பிரேம் நசீர், ரஜினிகாந்த் போன்றவர்களை வைத்துப் படத்துக்கு முன்னால் சொல்லவைத்தார்கள். நாற்பது வருடம் கழிந்தும் அந்தக் கவலை நியாயமானதுதான். எடுக்கிற கண்ணாடி துடைத்ததா, ஈரமாகப் பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். பையில் ஒரு சுத்தமான கைக்குட்டை இருக்கட்டும். மெட்ராஸ் ஐ சீசனில் போனால் கூடுதல் கவனம்.

கண்ணாடி விஷயத்தில் இன்னொன்று. ஷோவில் கொடுப்பது பெரியவர் அளவு. சின்னப் பிள்ளைக்கு மூக்கில் நிற்காது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பார்க்கும், ஐந்தாவது நிமிடத்தில் கழற்றிவிட்டு "மங்கலா இருக்கு" என்று அழும். ஒரு ரிப்பனோ எலாஸ்டிக்கோ கொண்டுபோய்த் தலைக்குப் பின்னால் கட்டிவிட்டால் தீர்ந்தது. தலையைச் சாய்க்காமல் பார்க்கச் சொல்லுங்கள். சில தியேட்டர்களில் இன்னமும் பயன்படுத்துகிற பழைய முறை போலராய்டு கண்ணாடியில், தலை ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு கண்ணுக்கான படம் மறு கண்ணுக்கும் கசிந்து இரண்டு இரண்டாகத் தெரியும். அம்மா தோளில் சாய்ந்துகொண்டு பார்க்கிற குழந்தைக்குத் தலைவலி வருவது இதனால்தான். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிற பெரியவர்கள் அதைக் கழற்ற வேண்டாம், மேலேயே 3டி கண்ணாடியை மாட்டிக்கொள்ளலாம். ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களுக்கும், சின்ன வயதிலிருந்தே ஒரு கண் சோம்பலாக இருக்கிற பலருக்கும் 3டி ஆழம் சரியாகத் தெரியாது. ஆனால் கண்ணாடியோடு பார்த்தால் படம் தெளிவாகவே இருக்கும், காற்றும் தண்ணியும் வாசனையும் எல்லாரையும் போலவே கிடைக்கும். "எனக்குத்தான் கண்ணு சரியில்லையே, நான் வரல" என்கிற அம்மாயியிடம் இதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

சரி, ஆடும் நாற்காலி. கொச்சி பள்ளிக்கரையில் இருக்கிற வொண்டர்லா பார்க் நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்தது, வி-கார்ட் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000ல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் வீகாலேண்ட் என்றுதான் சொல்வார்கள். அங்கே எக்ஸ்டி மேக்ஸ் என்று ஒன்று உண்டு, திரையில் ஓடுகிற படத்தோடு நாற்காலியும் சேர்ந்து குதிக்கிற வகை. சிக்கு என்கிற அந்தப் பார்க்கின் சின்னப் பொம்மையின் பெயரில் பிள்ளைகளுக்கான ஐட்டமும் வைத்திருக்கிறார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பையன்களுக்கு எக்ஸ்டி பிரமாதம். சுரங்கத்துக்குள் வண்டி பாய்கிற மாதிரி, மலையிலிருந்து விழுகிற மாதிரி ஒரு சின்னப் படம், அதற்கேற்ப நாற்காலி முன்னும் பின்னும் சாயும். ஐந்தாறு நிமிடம்கூட இருக்காது. ஆனால் ஆடாத ஷோவோடு ஒப்பிட்டால் இதில் கதை கிடையாது. வெளியே வந்த பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால் "ஆடுச்சு" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லாது. எனக்கு அது பெரிய குறை. அனிமேஷன் படத்துக்கு நல்ல கதை, பாட்டு, ஒரு குறும்புக்காரப் பாத்திரம் இருக்க வேண்டும்; தண்ணியும் காற்றும் அந்தக் கதையில் சரியான இடத்தில் வரும்போதுதான் பிள்ளைகள் வாரக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆடும் நாற்காலியில் யார் ஏறக்கூடாது என்பதை வாசல் போர்டிலேயே எழுதியிருப்பார்கள்: கர்ப்பிணிகள், இதய நோய், முதுகு கழுத்துக் கோளாறு உள்ளவர்கள், குறிப்பிட்ட உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகள். வலிப்பு வந்த வரலாறு இருக்கிறவர்கள் பளிச் பளிச்சென்று வெட்டும் லைட் உள்ள எந்த ஷோவுக்கும், ஆடினாலும் ஆடாவிட்டாலும், போகவேண்டாம். போர்டில் எழுதாதது வாந்தி. நம் காதுக்குள் உடம்பின் அசைவை உணர்கிற உறுப்பு ஒன்று உண்டு. கண் சொல்வதும் அது சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் தலைசுற்றும், குமட்டும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, அல்லது நெல்லியாம்பதி மலையில், எந்தப் பிள்ளை பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லுமோ, அதை ஆடும் நாற்காலியில் ஏற்றாதீர்கள். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இந்தத் தொந்தரவு கூடுதல். ஆடாத நாற்காலியிலும் சிலருக்குத் தலை லேசாகச் சுற்றலாம், அப்போது கண்ணை மூடிக்கொண்டால் போதும். ஆடும் நாற்காலியில் கண்ணை மூடினாலும் நாற்காலி நிற்காது.

மால்களிலும் பொருட்காட்சித் திடல்களிலும் வைத்திருக்கிற 5டி, 7டி கேபின்கள் தனிக் கதை. லாரிப் பெட்டி அளவில் ஒரு அறை, ஆறு அல்லது எட்டு நாற்காலி, வெளியே கலர் கலராகச் சீரியல் லைட். அந்தந்த இடத்தில் தனியாகக் காசு. எங்கள் குடும்பம் ஒரு மாலில் இப்படி ஒன்றுக்குள் போனபோது, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லியும் ஆளுயரப் பேய் வருகிற படத்தைப் போட்டுவிட்டார்கள். நிறுத்தச் சொன்னால் "சிஸ்டம் ஓடிட்டிருக்கு, நடுவுல நிறுத்த முடியாது" என்றார்கள். என் தங்கை மகள் அதற்குப் பிறகு பல நாள் இருட்டு அறைக்குள் தனியாகப் போகவில்லை. அந்தக் கேபினில் எந்தப் படம் என்பதை வெளியே எழுதியும் வைக்கவில்லை. எல்லாக் கேபினும் அப்படி என்று சொல்லமாட்டேன், ஆனால் அங்கே நாம் படத்தைத் தேர்வு செய்வதில்லை, மிஷினை இயக்குகிற பையன்தான் தேர்வு செய்கிறான், அது எனக்குச் சரிப்படவில்லை. போவதென்றால் படத்தின் முதல் அரை நிமிடத்தை வெளியே டிவியில் காட்டச் சொல்லுங்கள், நிறுத்தும் பட்டன் எங்கே என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் அடுத்த கடையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்துவிடலாம்.

4டிஎக்ஸ் தியேட்டரைப் பற்றிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கொரியாவின் சிஜே நிறுவனம் 2009ல் தொடங்கியது, நாற்காலி ஆடும், தண்ணி, காற்று, வாசனை எல்லாம் வரும், ஆனால் முழு நீளப் படம். திருவனந்தபுரம் லுலு மாலில் 2022 டிசம்பரில் திறந்த பிவிஆரில் ஒரு ஸ்கிரீன் இப்படி. காலேஜ் பிள்ளைகளுக்குச் சரி. குடும்பத்துக்கு வேண்டாம். பத்து நிமிடம் சுகமாக இருக்கிற குலுக்கல் இரண்டு மணி நேரம் இருந்தால் அம்மாயிக்கு முதுகு என்ன ஆகும்?

பள்ளிக்கூட டூர் போகிற டீச்சர்களுக்கு, குறிப்பாகச் சித்தூர் தாலூக்காவின் தமிழ் மீடியம் பள்ளிகளிலிருந்து பஸ் பிடித்துப் போகிறவர்களுக்கு, நான் வேறு ஒன்றைச் சொல்வேன்: கோளரங்கம். கோழிக்கோட்டில் 1997ல் இருந்து ஒன்று இருக்கிறது, அறிவியல் மையத்தோடு சேர்ந்தது. திருவனந்தபுரத்தில் பிரியதர்சினி கோளரங்கம் 1994ல் இருந்து. சாய்ந்து படுத்த மாதிரி நாற்காலி, தலைக்கு மேல் அரைவட்டக் கூரை முழுக்க வானம். கண்ணாடி இல்லை, தண்ணி இல்லை, குத்து இல்லை. ஐம்பது பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது ஐம்பது கண்ணாடியை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கிற வேலை இல்லை, அதுவே பெரிய நிம்மதி. டிக்கெட்டும் தீம் பார்க்கின் பக்கத்தில்கூட வராது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே, பிள்ளைகள் முகத்தில் அந்தத் தண்ணி தெளிக்கும்போது வருகிற சிரிப்பு கோளரங்கத்தில் வராது. அங்கே வேறு மாதிரியான வாய்பிளப்பு. எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் கோளரங்கம், கீழே என்றால் 4டி என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த ஊருக்குப் போவது என்பதும் இதில் சேர்ந்ததுதான். மலம்புழா பக்கம், அரை நாளில் போய்வரலாம், அணை, ராக் கார்டன், ரோப்வே எல்லாம் உண்டு, ஃபேண்டசி பார்க்கும் அங்கேயே. அம்மாயிக்கு அலைச்சல் இல்லை. கோயம்புத்தூர் பக்கமும் அப்படியே. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரோ, பேரூர்ப் பக்கத்துக் கோவை கொண்டாட்டமோ, போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். ஆனால் இவை முதன்மையாகத் தண்ணீர் விளையாட்டுக்கான இடங்கள். 4டி படத்துக்காகவே போகிறீர்கள் என்றால் அது இப்போது ஓடுகிறதா என்று கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய்து கேட்டுவிடுங்கள். இந்த மிஷின்களில் புரொஜெக்டர் பல்பு, காற்று கம்ப்ரசர், தண்ணி நாசில் என்று கெட்டுப்போகிற சாமான்கள் நிறைய, பராமரிப்பு என்று மூடிவைப்பது எங்கேயும் நடப்பது. பாதி எஃபெக்ட் வேலை செய்யாமலே ஓட்டுகிற இடங்களும் உண்டு, அப்போது அது வெறும் 3டி கார்ட்டூன்தான்.

கொச்சிக்குப் போவதென்றால் அது ஒரு முழு நாள். வாளையாறு தொடங்கி வடக்கஞ்சேரி, குதிரான், திருச்சூர், அங்கமாலி என்று 544ஆம் நெடுஞ்சாலையிலேயே ஓட வேண்டும். குதிரானில் 2021ல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்த மலையேற்றத் தொல்லை போய்விட்டது, முன்பெல்லாம் அங்கே ஒரு லாரி நின்றால் அன்றைய பயணமே போச்சு. ஆனால் திருச்சூர் தாண்டி அடிப்பாதை வேலை நடக்கிற இடங்களில் வண்டி ஊர்ந்துதான் போகும், பண்டிகை லீவில் கேட்கவே வேண்டாம். விடியற்காலையில் கிளம்பினால்தான் பார்க் திறக்கிற நேரத்துக்கு அங்கே இருக்க முடியும். பெரிய பார்க்கில் ஷோக்களுக்குப் பெரும்பாலும் தனிக் காசு கிடையாது, நுழைவு டிக்கெட்டிலேயே அடங்கும், பிடித்திருந்தால் இன்னொரு தடவையும் வரிசையில் நிற்கலாம். பிள்ளைகளுக்கு டிக்கெட் வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்து, அதனால் வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். இன்னும் தூரம் போகத் தயார் என்றால், மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே பக்கம் கோபோலியில் 2013ல் திறந்த இமேஜிகாவில் அனிமேஷன் 4டி படத்துக்கென்றே தனித் தியேட்டர் கட்டினார்கள். ஆனால் ஒரு படத்துக்காக அவ்வளவு ரயில் பயணம் தேவையில்லை. மும்பையில் சொந்தம் இருந்து போகிறவர்கள் பார்த்துவரட்டும்.

அதனால் என் முடிவு: வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழும் அறுபதுக்கு மேலும் ஆள் இருந்தால், ஆடாத நாற்காலி உள்ள, கதையோடு கூடிய அனிமேஷன் ஷோ எந்தப் பார்க்கில் ஓடுகிறதோ அந்தப் பார்க்குக்கே போங்கள், அங்கே ரோலர் கோஸ்டர் கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லாருமே பத்திலிருந்து நாற்பது வயதுக்குள் என்றால் கொச்சிக்குப் போய் எக்ஸ்டியில் ஏறுங்கள், கவலையில்லை. மால் கேபின், மழை வந்து வேறு வழியில்லாமல் போனால் மட்டும்.

போகிற அன்று ஷோவைத் தண்ணீர் விளையாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த துணியோடு அந்த ஏசி ஹாலுக்குள் பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குப் பல் கிட்டும். பல பார்க்குகளில் தண்ணீர்ப் பகுதி சற்றுத் தாமதமாகத்தான் திறக்கும், காலையில் முதல் வேலையாக ஷோவுக்குப் போனால் கூட்டமும் இருக்காது, கண்ணாடியும் அன்றைக்கு யார் மூக்கிலும் ஏறாமல் இருக்கும். உள்ளே போனதும் நடு வரிசையில் நடுப்பகுதியைப் பிடியுங்கள், ஓரத்தில் உட்கார்ந்தால் படம் கோணலாகத் தெரியும், 3டி ஆழமும் குறையும். சின்னதை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் வையுங்கள், ஓர நாற்காலியில் வேண்டாம். பயந்தால் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாலே போதும், திரையிலிருந்து பாய்ந்து வந்தது மங்கலான கார்ட்டூனாகத் திரைக்கே திரும்பிப் போய்விடும். இதை முன்னாலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதிப் பயம் அங்கேயே தீரும்.